செப்புத் தகடு போட்ட லிப்ட்

நான் ஓய்வு பெறும்வரை வேலை செய்த லிப்ட் கம்பனி, சிட்னியின் மெரிலேண்ட்ஸில் இருந்த தன் பணிமனையை மூடிவிட்டது. இப்போது லிப்டுகள் தங்களுக்கு என்ன நோய் என்பதைத் தொலைபேசி வழியாகத் தாங்களே சொல்லிவிடுகின்றன. பாதி நோயைத் தலைமை அலுவலகத்தில் திரைக்கு முன்னால் இருந்தபடியே குணப்படுத்துகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கிரீசும் இரும்புத் தூளும் உடம்பில் ஒட்டாமல் இந்தத் தொழிலைச் செய்ய முடிந்தால் நல்லதுதானே.

பணிமனை மூடிய செய்தியை எனக்குச் சொன்னவர் கார்த்திக். சென்னையிலிருந்து மாணவராக வந்து, என்னோடு சில வருடங்கள் வேலை பார்த்து, இப்போது அதே கம்பனியில் பொறுப்பான பதவியில் இருக்கிறார். வீடு குவேக்கர்ஸ் ஹில்லில். சனிக்கிழமைகளில் பென்டில் ஹில்லுக்குச் சாமான் வாங்க வந்தால் எங்கள் வீட்டிலும் ஒரு தேநீர் குடித்துவிட்டுத்தான் போவார்.

அன்று கேட்டார்: "அங்கிள், இத்தனை வருஷத்துல உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்த பில்டிங் எது?"

சிட்னி நகர மத்தியில் ஏதாவது ஒரு கோபுரத்தைச் சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"லுசாக்காவில ஒரு பாங்கின்ர தலைமைக் கந்தோர்" என்றேன்.

"கந்தோர்னா?"

"ஒபிஸ்."

"லுசாக்கா?"

"சாம்பியாவின்ர தலைநகரம். ஆபிரிக்கா."

குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற என் மனைவி ராஜி ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கதை அவளுக்கும் உரியது. கார்த்திக்குக்கு அன்று நேரமில்லை. எழுதித் தாருங்கள், எங்கள் கம்பனிப் பொடியன்களும் படிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு போனார். அதனால் எழுதுகிறேன்.

படித்ததையும் பழகியதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம், கொழும்பில் தொழில்நுட்பக் கல்லூரி, பிறகு கோட்டைப் பகுதியில் இருந்த ஒரு லிப்ட் கம்பனி. பழைய கட்டடங்களின் இரும்புக் கூண்டு லிப்டுகளுக்கு எண்ணெய் விட்டு, கம்பிக் கயிறு மாற்றி, கதவுப் பூட்டுக் கழற்றித்தான் தொழிலைக் கற்றேன். தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் இருக்க மனம் வரவில்லை. அந்த நாட்களில் எங்கள் ஆட்களில் பலர், முக்கியமாக ஆசிரியர்கள், சாம்பியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ராஜி கணித ஆசிரியை. கலியாணம் முடிந்த கையோடு இருவரும் விண்ணப்பித்தோம். அவளுக்கு ஒரு பெண்கள் பாடசாலையில் வேலை. எனக்கு, தன் புதிய தலைமைக் கட்டடத்தைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு வங்கியில், லிப்டுகளுக்கான உதவிப் பொறியியலாளர் வேலை. குடியிருக்க வீட்டை வங்கி தந்தது. இருவருடைய விசாவும் என் வேலை அனுமதியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

என் மேலதிகாரியின் பெயர் பண்டா என்று வேலைக் கடிதத்தில் பார்த்ததும் நான் சற்றுத் திகைத்துப் போனேன். எங்கள் நாட்டில் அது சிங்களப் பெயர். கொழும்பை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் ஒரு சிங்களவருக்குக் கீழேதான் வேலையா என்று ராஜியும் நானும் விமானத்தில் பேசிக்கொண்டே வந்தோம். விமான நிலையத்தில் என் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றவர் நெடுநெடுவென்ற உயரமான ஆபிரிக்கர். பண்டா என்பது அங்கே ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கிற பெயர். எங்கள் பயத்தைப் பிறகு ஒரு நாள் அவரிடம் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதன்பிறகு கட்டடத்தில் யாரையாவது எனக்கு அறிமுகப்படுத்தும்போதெல்லாம், "இவர் என்னைப் பார்க்க முன்னமே எனக்குப் பயந்தவர்" என்றுதான் தொடங்குவார்.

கட்டடம் லுசாக்காவின் நடுவே ஓடும் கெய்ரோ வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. இருபது மாடிக்கு மேல். நிலத்துக்குக் கீழே பெட்டகங்கள், நிலத்தளத்தில் வாடிக்கையாளர் மண்டபம், நடுவில் அலுவலகங்கள், உச்சியில் பெரிய விருந்து மண்டபம். அங்கிருந்து பார்த்தால் நகரம் முடிந்து செம்மண் வெளி தொடங்கும் இடம் தெரியும். நான்கு லிப்டுகள். அவற்றில் ஒன்று தலைவருக்கும் முக்கிய விருந்தினருக்கும் ஆனது.

லிப்ட் என்றால் மக்கள் பெட்டியைத்தான் நினைப்பார்கள். எங்களுக்கு அது தண்டவாளம். மேலிருந்து கீழே அடிக்குழிவரை இரண்டு இரும்புத் தண்டவாளங்கள் நேராக நிற்க வேண்டும். அதற்கு உச்சியிலிருந்து மெல்லிய உருக்குக் கம்பிகளைத் தொங்கவிடுவோம். நுனியில் பாரம் கட்டி, அந்தப் பாரத்தை எண்ணெய் வாளிக்குள் அமிழ்த்திவிடுவோம்; இல்லாவிட்டால் கம்பி ஆடிக்கொண்டே இருக்கும். கம்பி அசையாமல் நின்ற பிறகு, ஒவ்வொரு மாடியிலும் தண்டவாளத்துக்கும் கம்பிக்கும் இடையில் உள்ள தூரத்தை அளந்து திருத்துவோம். காற்று அடித்தால் அன்றைக்கு வேலை இல்லை.

மிஸ்டர் பண்டா அந்த அளவுகளைத் தானும் வந்து பார்ப்பார். கோட்டைக் கழற்றி ஒரு ஆணியில் மாட்டுவார். கழுத்துப் பட்டியைச் சட்டைக்குள் செருகுவார், சுழலும் சக்கரத்தில் அது சிக்கினால் கழுத்து போய்விடும். பிறகு சட்டைப் பையிலிருந்து வறுத்த நிலக்கடலை எடுத்து எனக்கும் கொஞ்சம் தருவார். குரலை உயர்த்த மாட்டார். எல்லாம் சரி என்று நான் சொன்னால் ஒரே ஒரு கேள்விதான்: "நீ பார்த்தாயா, யாராவது சொன்னார்களா?" சொன்னார்கள் என்றால் கோபிக்க மாட்டார். கடலைத் தோலைத் தட்டிவிட்டு, "சரி, போய்ப் பார்ப்போம்" என்று எழும்பிவிடுவார்.

அவர் எப்படிப்பட்டவர் என்பதை நான் சரியாக விளங்கிக்கொண்டது ஒரு பிற்பகலில். உள்வேலை செய்த தச்சர் ஒருவர் அலுமாரியோடு இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிப்டில் சிக்கிக்கொண்டார். மின்சாரம் நின்றுவிட்டது. நின்ற லிப்ட் யாரையும் கொல்வதில்லை. அதிலிருந்து பாய்ந்து இறங்குகிறவர்கள்தான் சாகிறார்கள், கால் வழுக்கினால் பெட்டிக்குக் கீழே உள்ள வெற்றுக் குழிக்குள் போய்விடுவார்கள். தச்சர் வெளிக்கதவை எப்படியோ நெம்பித் திறந்து, பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். மிஸ்டர் பண்டா என்னை இயந்திர அறைக்கு அனுப்பிவிட்டு, அந்த மாடியின் தரையில் நெஞ்சு பட நீட்டிப் படுத்து, தச்சரின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு பந்தாட்டம் பேசத் தொடங்கினார். மேலே நானும் ஒரு உதவியாளும் மின்சுவிட்சை நிறுத்தி, ஒருவர் பிரேக்கைத் தளர்த்த மற்றவர் சக்கரத்தைக் கையால் சுற்ற, பெட்டியை அங்குலம் அங்குலமாக உயர்த்தினோம். கீழே வந்து பார்த்தபோது, போன கிழமை நடந்த ஆட்டத்தில் அந்தக் கோல் சரியா பிழையா என்று இருவரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பெட்டி தளத்தோடு சமமாக நின்றதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் கார்த்திக் கேட்ட கஷ்டம்.

கட்டடத் திறப்பு விழாவுக்கு அமைச்சர் ஒருவர் வருவதாக நாள் குறித்தாயிற்று. அதற்கு முன் நான்கு லிப்டுகளையும் சோதித்து ஒப்புக்கொள்ள வேண்டும். சோதனைகளில் முக்கியமானது ஒன்று. பெட்டிக்கு அடியில், இரண்டு பக்கமும், தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தாடைகள் இருக்கும். கயிறுகள் அறுந்து பெட்டி வேகமாக விழுந்தால் அந்தத் தாடைகள் கடித்து நிறுத்த வேண்டும். ஆட்கள் இல்லாமல், பெட்டி நிறைய இரும்புப் பாரங்களை அடுக்கி, கீழ்நோக்கி ஓடவிட்டு, தாடைகளை வேண்டுமென்றே கடிக்க வைத்துப் பார்ப்போம்.

மூன்று லிப்டுகள் சரியாக நின்றன. நான்காவது, விருந்தினர் லிப்ட், நிற்கவில்லை. தாடைகள் கடித்தன, ஆனால் பெட்டி சறுக்கிக்கொண்டே போய் அடிக்குழியில் உள்ள சுருள்விற்களில் மோதியது. அந்தக் கிரீச்சிடலைக் கேட்டு வீதியில் போனவர்கள்கூட நின்று பார்த்தார்களாம். குழிக்குள் எரிந்த இரும்பின் மணம்.

காரணம் தேட அதிக நேரம் எடுக்கவில்லை. செம்பு அந்த நாட்டின் பெருமை. நாட்டையே தாங்கியது செம்புச் சுரங்கம்தான். ஆகவே விருந்தினர் லிப்டின் உட்சுவர் முழுவதும் செப்புத் தகடு பதிக்க வேண்டும் என்று வங்கியின் திட்டப் பணிப்பாளர் விரும்பினார். தகட்டுக்குப் பின்னால் தேக்குப் பலகை, காலுக்குக் கீழே பச்சைச் சலவைக்கல். எல்லாம் லிப்டை வாங்கிய பிறகு வந்த யோசனை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கதவு திறந்தால் அந்தி வெயில் உள்ளே இருப்பது போல இருக்கும். பெட்டிக்கு மறுபக்கம் தொங்கும் எதிர்ப்பாரத்தையும் கூட்டிவிட்டார்கள், மோட்டாரும் இழுத்தது. தாடைகள் மட்டும் பழைய எடைக்கு வாங்கியவை.

"இரண்டு வழி இருக்கிறது" என்றார் மிஸ்டர் பண்டா, பணிப்பாளரின் அறையில். "பெரிய தாடைகளை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். அதற்கு மாதங்கள் ஆகும். அல்லது செம்பையும் கல்லையும் கழற்றலாம். அதை நாளைக்கே செய்யலாம்."

பணிப்பாளர் வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர், கெட்டிக்காரர், கட்டடத்தைச் சொன்ன காலத்தில் முடித்துக் காட்டியவர். "அமைச்சர் வருவதே அந்தச் செம்பைப் பார்க்கத்தான். ஐந்து கம்பிக் கயிறுகள் இருக்கின்றன. ஒரு கயிறே முழுப் பெட்டியையும் தாங்கும். ஐந்தும் ஒரே நாளில் அறுமா?"

"அறாது."

"பிறகென்ன?"

"அறாது என்று நானும் நம்புகிறேன். அப்படியே கதவில் எழுதி ஒட்டுவோம். இந்த லிப்ட் விழுந்தால் நிற்காது, விழாது என்று நம்புகிறோம் என்று. வாசித்துவிட்டு ஏற விரும்புகிறவர்கள் ஏறட்டும்."

பணிப்பாளர் சிரிக்கவில்லை. அந்தக் கிழமையே மிஸ்டர் பண்டா விடுமுறையில் போகுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார். ஆணியில் இருந்த கோட்டை எடுத்துக்கொண்டு, எனக்கு ஒரு புத்திமதியும் சொல்லாமல், கைகுலுக்கிவிட்டுப் போனார். அடுத்த நாள் பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். மிஸ்டர் பண்டாவின் இடத்தில் பதில் பிரதம பொறியியலாளராக நான் ஒப்புதல் கையெழுத்து இட்டால் அந்தப் பதவி எனக்கு நிரந்தரமாகும், வேலை அனுமதியும் நீடிக்கப்படும் என்றார். இடாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. என் அனுமதி முடிய இருந்த நாள் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து ராஜியிடம் சொன்னேன். அவள் மாணவிகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அந்தக் கயிறு அறுமோ?"

"அறாது ராஜி. அனேகமா அறாது."

"அப்ப வையுங்கோவன் கையெழுத்தை."

"சோதனையில நிண்டிருக்கோணும். நிக்கேல்லை. நிண்டது எண்டு எப்பிடி எழுதுறது?"

"மிஸ்டர் பண்டாவுக்கு உது அவற்ற நாடு. வேலை போனாலும் வீடு வாசல், சொந்தம் எண்டு இருக்கு. எங்களுக்கு என்ன இருக்கு, சொல்லுங்கோ. திரும்பிப் போக ஏலுமே? அங்க போன மாசம் ஆரார் வீட்டில என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டும் உப்பிடிக் கதைக்கிறியள்."

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அந்தப் பாடசாலை வேலையை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த நாள் பணிப்பாளரிடம் போய், என்னால் முடியாது என்றேன். வீரமாகச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். அவருடைய மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் சரி என்று தலையை அசைத்துவிட்டு, வேறு ஊரிலிருந்து ஒரு பொறியியலாளரை வரவழைத்துக் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். என்னைக் கட்டடத்துக்கு வர வேண்டாம் என்றார்கள். ராஜி அதன்பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைப் போட்டு மேசையில் வைப்பாள், கதிரையை இழுத்துக் காட்டுவாள், அவ்வளவுதான்.

விழாவில் பாடுவதற்கு ராஜியின் பாடசாலைப் பிள்ளைகளை அழைத்திருந்தார்கள். கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு அவளுக்கும் இன்னொரு ஆசிரியைக்கும். அன்று காலை மஞ்சள் சேலை உடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே வெளிக்கிட்டாள். நான் வீட்டிலேயே இருந்தேன். அந்த லிப்டில் ஏறாதே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால், என் மேல் உள்ள கோபத்திலேயே அவள் ஏறுவாளோ என்று பயந்தேன்.

என்ன நடந்தது என்பதை மாலையில் வீட்டுக்கு வந்த மிஸ்டர் பண்டாதான் சொன்னார். விடுமுறையில் அனுப்பிய போதும் அவருடைய அழைப்பிதழைத் திருப்பிக் கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை, அவரும் போயிருந்தார். மற்ற மூன்று லிப்டுகளையும் விருந்தினர்களுக்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள். சீருடையில் நிற்கும் பிள்ளைகளைச் செப்பு லிப்டில் ஏற்றினால் படம் நன்றாக இருக்கும் என்று பணிப்பாளருக்குத் தோன்றியிருக்கிறது. வரவேற்பு அதிகாரி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, முதல் வரிசைப் பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார். பிள்ளைகளுக்கோ ஒரே சந்தோஷம், செப்புச் சுவரில் தங்கள் முகம் தெரிகிறது.

ராஜி குறுக்கே போய் நின்றாளாம். "இவர்கள் படியால் வருவார்கள்."

"மேடம், உச்சி மாடி வரைக்குமா?"

"ஓம், உச்சி மாடி வரைக்கும்."

"இது பரிசோதித்து ஒப்புக்கொண்ட லிப்ட், மேடம்."

"அதைப் பரிசோதித்த மனிதர் என் வீட்டில்தான் இருக்கிறார்" என்றாளாம்.

பிறகு பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக வரிசைப்படுத்தி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முன்னால் ஏறத் தொடங்கினாள். நடுவழியில் சிலர் அழத் தொடங்கினார்கள். ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்க வைத்து, வாய்ப்பாடு சொல்ல வைத்து ஏற்றியிருக்கிறாள். மிஸ்டர் பண்டாவும் பின்னால் இருந்து, களைத்த பிள்ளைகளைக் கையில் பிடித்து வந்திருக்கிறார். மேலே போய்ச் சேர்ந்தபோது அமைச்சர் செப்பு லிப்டில் வந்து, நாற்காலியில் அமர்ந்துவிட்டார், பேச்சும் தொடங்கிவிட்டது. பாட்டின் முதல் இரண்டு அடிகள் மூச்சிரைப்பில் எடுபடவில்லையாம். மூன்றாவது அடியில் குரல் சேர்ந்துவிட்டது.

அமைச்சர் அதே லிப்டில் இறங்கிப் போனார். ஒன்றும் நடக்கவில்லை.

ராஜி இருட்டுவதற்குள் வந்தாள். கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு இருந்தாள். நான் வாளிக்கு இன்னும் கொஞ்சம் சுடுநீர் கொண்டுவந்து ஊற்றினேன். இனிப் போதும் என்பதுபோல் கையைக் காட்டி "காணும்" என்றாள். பத்துப் பன்னிரண்டு நாட்களாக எங்களுக்குள் இருந்த மௌனம் அந்தச் சொல்லோடு முடிந்தது.

என் அனுமதி நீடிக்கப்படவில்லை. ராஜியின் அக்கா மெரிலேண்ட்ஸில் இருந்தார். அவர் முயற்சியில், இடையில் ஒரு வருடம் வேறொரு நாட்டில் தங்கி அலைந்த பிறகு, சிட்னிக்கு வந்தோம். உள்ளூர் அனுபவம் இல்லை என்று பொறியியலாளர் வேலை கிடைக்கவில்லை. மறுபடியும் கிரீஸ் வாளி தூக்கும் உதவியாளாகத் தொடங்கினேன். ராஜி முதியோர் இல்லமொன்றின் குசினியில் பாத்திரம் கழுவினாள். சில வருடங்களுக்குப் பிறகுதான் மீண்டும் வகுப்பறைக்குப் போனாள். இங்கே பிழையான லிப்டில் ஏறக்கூடாது என்ற சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு நடந்து வந்திருக்கிறேன், எத்தனையோ தரம். அடுக்குமாடி வீட்டுச் சொந்தக்காரரின் ஸ்ட்ராட்டா கமிட்டிக்காரர் சத்தம் போடுவார்கள். யாரும் என்னை நாட்டை விட்டுப் போகச் சொன்னதில்லை. மிஸ்டர் பண்டாவைச் சுரங்க நகரமொன்றில் வங்கிக் கிளைகளின் கூரை திருத்த அனுப்பினார்கள். அங்கேயே ஓய்வு பெற்றார். கண் மூடும்வரை ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் தொலைபேசி எடுப்பார்.

எழுதி முடித்ததைக் கார்த்திக் அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டு விறாந்தையிலேயே இருந்து படித்தார்.

"அப்போ அந்த லிப்ட் விழவே இல்லையா அங்கிள்?"

"இல்லை. சில மாசத்தில இங்கிலாந்தில இருந்து பெரிய தாடையள் வந்து சேர்ந்திட்டுது. அதுவரைக்கும் நல்லாத்தான் ஓடினதாம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், பாவம் இந்த மனுசன் என்பது கொஞ்சம் இருந்தது. பிறகு தேநீர் கொண்டுவந்த ராஜியின் பக்கம் திரும்பினார்.

"ஆன்ட்டி, எனக்கு ஒண்ணு புரியல. நீங்கதானே இவரைக் கையெழுத்துப் போடச் சொன்னீங்க? அப்புறம் நீங்களே ஏன் படியில ஏறினீங்க?"

ராஜி தட்டை மேசையில் வைத்தாள். இந்தக் கேள்வியை இத்தனை வருடத்தில் நான் அவளிடம் கேட்டதில்லை.

"கையெழுத்துப் போடச் சொன்னது எங்கட பிழைப்பைப் பார்த்து. நாங்கள் ரெண்டு பேரும் எண்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறியிருப்பன் தம்பி" என்றாள். "அதுகள் ஆரோ பெத்த பிள்ளையள். அதுகளின்ர தாய் தேப்பனிட்ட நான் கேக்கேல்லையே."

பணிப்பாளரின் மேசைக்கு முன்னால் நின்றபோது நான் சொல்லத் தேடிய வசனம் அதுதான். அன்று எனக்கு வரவில்லை. முடியாது என்று மட்டும்தான் சொன்னேன்.